உருளாத பாறை

பழையசீவரம் மலையடியில் வளர்ந்த எங்களுக்குப் பாறை புதிதன்று. ஆயினும் மாமல்லபுரச் சுற்றுலாவில் வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழே நிற்க அஞ்சினோம். ஏறத்தாழ 250 டன் எடை, சரிவிலே நிற்கிறது! (பின்பக்கம் பார்த்தால் பாதி உருண்டைதான்.) 1908-ல் ஏழு யானைகள் இழுத்தும் அசையவில்லை என்பர்.

“யார் உருட்டி வந்தார்களோ!” என்று வியந்தோம். கல் உடைப்பவரின் மகளான எங்கள் தோழி மறுத்தாள். “பாறையில் விரிசல் ஓடும். அதில் மழைநீர் புகுந்து மூலைகளைத்தான் முதலில் அரிக்கும். அப்புறம் உருண்டையாகிவிடும் என்று அப்பா சொல்வார்” என்றாள். அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியும் அதையே விளக்கினார். சுற்றியிருந்த பாறை சிதைந்துபோக, இது அங்கேயே எஞ்சியதாம். அமெரிக்காவின் யூட்டாவிலும் 39 மீட்டர் உயரத்தில் ஒரு சமநிலைப் பாறை உண்டு. அதன் அடிக்கல் மென்மையானதால் விரைவில் தேய்கிறது, என்றேனும் ஒருநாள் விழுந்துவிடும் என்றார்.

நம் பாறையின் கீழே முதலில் போய் நின்றவள் அந்தத் தோழியே. பிறகு நாங்களும் நின்றோம்.