செம்மண் காய்கறித் தோட்டத்தில் தொழுவுரமும் இரசாயன உரமும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், புத்தூரை அடுத்து வடமாலபேட்டை மண்டலம் அமைந்துள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கிணற்று நீரைக் கொண்டு செம்மண் நிலத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை முதலியவற்றைப் பயிரிடும் சிறு உழவர்க்குத் திருப்பதி போன்றதொரு நகரம் அண்மையில் இருப்பது நல்வாய்ப்பாகும். ஆயினும் ஒரே நிலத்தில் ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை காய்கறி எடுப்பவர், நிலத்தின் முதலையே செலவழிக்க நேர்வதை எளிதில் உணர்வதில்லை.

யூரியா இட்ட சில நாட்களில் இலை கரும்பச்சை நிறம் பெறுகிறது. தொழுவுரம் செய்யும் வேலை அவ்வாறு உடனே கண்ணுக்குப் புலப்படுவதன்று. எனவே மாடுகள் குறைந்த வீடுகளில் தொழுவுரத்தைக் கைவிட்டு யூரியாவின் அளவைக் கூட்டுவோர் உண்டு. இரசாயன உரம் மண்ணைக் கெடுக்கும் என அஞ்சி அதனை அறவே ஒதுக்க விரும்புவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் களப்பணியாளர் கூறவேண்டிய விடை யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இரண்டு உரங்கள், இரண்டு வேலைகள்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்தும், சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் 16 பங்கு மணிச்சத்தும், மியூரியேட் ஆப் பொட்டாஷில் 60 பங்கு சாம்பல் சத்தும் உள்ளன. மட்கிய தொழுவுரத்திலோ தழைச்சத்து ஏறத்தாழ அரைப் பங்கே. சத்தின் அளவை மட்டும் நோக்கினால் தொழுவுரம் மிக எளியதாகத் தோன்றும். ஆனால் அதிலுள்ள மட்கு மண் துகள்களைப் பிணைத்துப் பொலபொலப்பாக்குகிறது, நீரை ஏந்தி வைக்கிறது, கரைந்தோடும் சத்துகளைப் பற்றி நிறுத்துகிறது, நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இவ்வேலைகளை எந்த மூட்டை உரமும் செய்வதில்லை.

செம்மண்ணில் மட்கு பொதுவாகக் குறைவு. மேலும் அதிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு, வேருக்குக் கிட்டாதவாறு செய்கின்றன. சூப்பர் பாஸ்பேட்டை மட்கிய தொழுவுரத்துடன் கலந்து இட்டால் இவ்விழப்புக் குறையும்.

மட்குக் குறைந்த நிலத்தில் அளவு மீறி இட்ட யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாக மாறி, நீருடன் கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. நைட்ரேட் மிகுந்த நீர், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். தோட்டக் கிணற்றிலேயே குடிநீர் எடுக்கும் குடும்பத்திற்கு இது பண இழப்பு மட்டுமன்று.

சோதனைகள் கூறுவன

கோயமுத்தூரில் 1909 ஆம் ஆண்டு நிலையான உரச் சோதனை தொடங்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டு முதல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல மண் வகைகளில் நீண்டகால உரச் சோதனைகளை நடத்தி வருகிறது. இவற்றில் தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் பெற்ற பாத்திகளில், குறிப்பாகச் செம்மண் நிலங்களில், விளைச்சல் படிப்படியாகக் குறைந்தது. மூன்று சத்துகளையும் அளவோடு பெற்றவை அவற்றினும் மேலாயின. அம்மூன்றுடன் தொழுவுரமும் பெற்ற பாத்திகளில் விளைச்சலும் மண்வளமும் நிலைத்து நின்றன. இவை பெரும்பாலும் தானியப் பயிர்களில் கண்ட முடிவுகளே. எனினும் மண்ணை அடிக்கடி கிளறி, சத்தை மிகுதியாக எடுக்கும் காய்கறிச் சாகுபடிக்கும் இவை பொருந்துவனவாம்.

இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்துவதன் விளைவை இலங்கை கண்டது. அங்கு 2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதற்கு ஈடான மட்கு உரம் போதிய அளவில் கிடைக்கவில்லை. நெல், தேயிலை விளைச்சல் குறைந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதமே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

ஓர் ஏக்கருக்குரிய கணக்கு

மண் பரிசோதனைப்படி ஓர் ஏக்கர்த் தக்காளிக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று கொள்வோம். உழவர் 10 டன் தொழுவுரம் இடுகிறார். அதில் ஏறத்தாழ 50 கிலோ தழைச்சத்து உண்டு. அது முழுவதும் முதற் பயிருக்குக் கிட்டாது. நூற்றுக்கு 30 பங்கு கிட்டும் என வைத்துக்கொண்டால் 15 கிலோ ஆகும். எஞ்சிய 45 கிலோவுக்கு 98 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டை இரண்டிற்குச் சற்று மேல் தேவை. தொழுவுரம் இடாவிடில் 130 கிலோ வேண்டியிருக்கும்.

இக்கணக்கில் இருவகைப் பிழை நேரலாம். 50 கிலோவையும் கழித்துவிட்டால், பூக்கும் பருவத்தில் பயிர் பசித்திருக்கும். எதையும் கழிக்காவிட்டால், மிகுந்த யூரியா இலையைப் பெருக்கி, சாறு உறிஞ்சும் பூச்சிகளை வரவழைக்கும். மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் இவ்வாறே கணக்கிடுக.

இடும் முறை

தொழுவுரத்தை நிழலுள்ள குழியில் சேர்த்து, மாட்டுச் சிறுநீர் ஊறிய கூளத்தையும் அதனுடன் இட்டு, ஈரம் காத்து மட்கச் செய்தல் வேண்டும். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் குப்பை தன் சத்தை இழந்துவிடும். வைக்கோலும் கூளமும் மட்காத நிலையில் நிலத்தை அடைந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், நாற்று வெளிறும்.

தொழுவுரத்தைக் கடைசி உழவில் கலக்குக. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இடுக. தழைச்சத்தை நடவின்போதும், 30 ஆம் நாளிலும், பூக்கும் தறுவாயிலும் மூன்றாகப் பிரித்து இடுக. செடியின் தூரைத் தொடாமல் சற்றுத் தள்ளி இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்சுக. 10 டன் தொழுவுரம் கிடைக்காதவர், உள்ளதை நடவு வரிசையில் மட்டும் இடலாம். சணப்பு அல்லது தக்கைப்பூண்டை வளர்த்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம்.

பள்ளியில் செய்து காட்டுதற்குரியது

அடியில் துளையிட்ட ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களை ஆசிரியர் எடுத்துக்கொள்க. ஒன்றில் காய்ந்த செம்மண்ணையும், மற்றொன்றில் மூன்று பங்கு செம்மண்ணுடன் ஒரு பங்கு மட்கிய உரத்தையும் சம அளவில் நிரப்புக. இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றி, கீழே வடிந்ததை அளந்து எழுதச் செய்க. அடுத்துப் பள்ளித் தோட்டத்தில் மூன்று பாத்திகள் அமைத்து, ஒன்றில் தொழுவுரம், ஒன்றில் இரசாயன உரம், மற்றொன்றில் கணக்கிட்டு இரண்டும் இடுக. காய்களின் எடையைக் குறித்து வருக. முதற் பருவத்தில் வேறுபாடு மிகாவிடினும் சோதனையை நிறுத்தலாகாது; அதே பாத்திகளில் அடுத்தடுத்த பருவங்களிலும் தொடர்க.

உழவர் உரம் வாங்கக் கடைக்குச் செல்லுமுன், அவர் குழியில் எத்தனை வண்டித் தொழுவுரம் உள்ளது என்று களப்பணியாளர் கேட்டறிதல் வேண்டும். மூட்டைகளின் எண்ணிக்கையை அதன் பின்னரே முடிவு செய்க.