நீ யார் பக்கம்?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. கணவன் மனைவி பிரிகிறார்கள்; பிள்ளை யாரிடம் வளர்வது என்று வழக்கு நடக்கிறது. அப்போது நம்மைப் போன்ற சொந்தக்காரப் பிள்ளைகளிடமும் கேட்பார்கள்: "நீ பார்த்ததை எழுதிக் கொடுப்பா." என்ன எழுதுவது?

முதலில் சட்டம். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கு வழக்குகளை உயர் நீதிமன்றம் விசாரிக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. பெற்றோரின் விருப்பம் அதற்கு அடுத்துதான். சொந்தமாகக் கருத்து சொல்லும் வயதில் இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் பார்ப்பார்கள். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் அனுமானிக்கிறது. ஆனால் ஆதாரம் காட்டி அதை மறுக்கலாம். ஆக, அங்கே கேள்வி "யார் கெட்டவர்?" என்பதல்ல, "பிள்ளைக்கு எது நல்லது?" என்பதுதான்.

என் பெரியம்மா மகள் வழக்கில் என்னைக் கேட்டார்கள். நான் இரண்டு வருஷம் அக்கா வீட்டில் தங்கிப் படித்தவன். "அத்தான் தினமும் குடிப்பார்னு எழுது" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் கண்ணால் பார்த்தது இரண்டு இரவு. அந்த இரண்டையும் தேதியோடு எழுதினேன். சனிக்கிழமைதோறும் பாப்பாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனது அத்தான்தான் என்பதையும் எழுதினேன். பெரியம்மா கோபமாகி, "நீ யார் பக்கம்டா?" என்றார். "பாப்பா பக்கம், பெரியம்மா" என்றேன். ஒரு மாசம் அவர் என்னோடு பேசவில்லை.

எங்கள் லேப் ரிப்போர்ட்டில் மீட்டர் காட்டிய அளவைத்தான் எழுதுவோம், நாம் எதிர்பார்த்த அளவை அல்ல. வாக்குமூலமும் அப்படித்தான்.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. நீங்கள் யார், பிள்ளைக்கு என்ன உறவு, எவ்வளவு காலமாகப் பழக்கம் என்று தொடங்குங்கள்.

2. "நான்" என்றே எழுத வேண்டும். பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒரு பத்தியில் ஒரு விஷயம் போதும்.

3. நேரில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். பிறர் சொல்லித் தெரிந்தது என்றால் அதை வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

4. வசை வேண்டாம். வழக்குக்குச் சம்பந்தமில்லாத அவதூறை நீதிமன்றம் நீக்கிவிட முடியும்.

5. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்காதீர்கள். வழக்குத் தாள்களை அதன் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

6. அஃபிடவிட் பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கும். தாத்தா பாட்டி சாட்சி என்றால், ஒவ்வொரு பத்தியையும் தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

7. 'பெசுருஹ்ஜாயா சும்பா' எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியம் செய்துதான் கையெழுத்திட வேண்டும். நீதிமன்ற வழக்கில் தெரிந்தே பொய்ச்சாட்சி சொன்னால் குற்றவியல் சட்டத்தின் 193ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சத்தியம் பற்றி நாம் வகுப்பில் நிறையப் பேசுகிறோம். நமக்கு வேண்டாதவர் செய்த நல்லதையும் எழுதும்போதுதான் அது சோதிக்கப்படுகிறது. அந்தத் தாளை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்யப் போகிறார்கள்.

வகுப்பில் கலந்து பேச, மூன்று வாக்கியங்கள்:

அ. "அவருக்குப் பிள்ளை மேல் பாசமே கிடையாது."

ஆ. "போன பள்ளி விடுமுறையில் நான் பாட்டி வீட்டில் இருந்தேன். பிள்ளைக்கு 3 நாள் காய்ச்சல். அம்மாதான் இரவெல்லாம் பக்கத்தில் இருந்தார்."

இ. "அவங்க பிள்ளையை அடிப்பாங்களாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க."

இவற்றில் நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திடக் கூடியது எது? மற்ற இரண்டில் என்ன குறை? குழுவாகப் பேசி, காரணத்தோடு எழுதி வாருங்கள்.