ஆரபியா, தேவகாந்தாரியா?



தம்பி, மோகன ராகத்தை வலைப்பின்னலாக வரைந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஸ்வரத்துக்கு ஒரு புள்ளி, அடுத்த ஸ்வரத்துக்கு ஓர் அம்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்தாயி பிரிக்காவிட்டால் ஐந்து ஸ்வரத்துக்குள் போகக்கூடிய வழிகள் மொத்தமே 20. நல்ல வித்வான் ஓர் ஆலாபனையில் அநேகமாக எல்லாவற்றையும் மிதித்துவிடுவார். எந்த வழியில் எத்தனை தடவை போனார், எங்கே நின்றார் என்ற கணக்கையாவது அம்பின் மேல் ஏற்று.

அதுவும் போதாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள். இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ, அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. ஏட்டை வைத்து வரைந்தால் ஒரே படம்தான் வரும். ஆனால் ஆரபியில் அமைந்த 'சாதிஞ்செனே'யில் ஊறிய காது, தேவகாந்தாரியில் அமைந்த 'க்ஷீரஸாகர சயன'வை ஆரபி என்று ஒரு நொடிகூட நினைக்காது. ஆரபி கமகம் குறைத்துத் துள்ளி ஓடும். தேவகாந்தாரி நின்று, இழைந்துதான் முகம் காட்டும். இரண்டு கீர்த்தனையும் தியாகராஜருடையவை. அவருடைய சீடர் வேங்கடரமண பாகவதர் வாழ்ந்த வாலாஜாபேட்டை, உனக்கு ஆம்பூரிலிருந்து காட்பாடி தாண்டினால் வந்துவிடும். குருவின் கீர்த்தனைகளை அவர் எழுதிவைத்ததற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் கமகம் லேசில் எழுத்தில் அடங்காது. 1904-இல் வந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் அதற்கென்றே சுப்பராம தீட்சிதர் தனிக் குறிகள் போட வேண்டியிருந்தது.

ஏட்டுக் கணக்கில் அடங்காதது எந்த வேலையிலும் உண்டு. உங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருப்பவரைக் கேள். தோலுக்குச் சதுர அடிக் கணக்குதான். ஆனால் முதுகுப் பக்கம் எது, இழுபடும் வயிற்றுப் பக்கம் எது என்று தடவிப் பார்க்காமல் அவர் கத்தி வைக்கமாட்டார்.

ஸ்வரப் படத்தைத் தாண்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2016-இல் பார்சிலோனாவிலிருந்து சங்கல்ப் குலாட்டி குழு வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. அவர்களில் விக்னேஷ் ஈஸ்வர் பாடகர். ஸ்வரத்தை விட்டுவிட்டு, கச்சேரிப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் பிடிகளையே, அதாவது சிறு இசைத் துணுக்குகளையே, புள்ளியாக்கினார்கள்; ஒத்தவற்றை இணைத்தார்கள். கூட்டங்கூட்டமாகப் பிரிந்ததில் ராகத்துக்கே உரிய பிடிகள் எவை என்று பொறுக்கி, வித்வான்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் நம் பிள்ளைகள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நீ தேவகாந்தாரியில் ஆரம்பி. முதலில் ஒரே பாடகரின் பதிவுகள் போதும். பிடிகளைக் காதால் குறித்துவிட்டு அப்புறம் புரோகிராமிடம் கொடு. பின்னலில் கம்ப்யூட்டரைத் தன் போக்கில் நடக்கவிடு. வருகிறதை வயலினில் எடுத்து உன் வாத்தியாருக்கு வாசித்துக் காட்டு. என்ன ராகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதே.