எரிபொருளின் கூறுகளை அளவிடுதல்

திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் திரவ உந்து அமைப்பு மையம் இயங்கி வருகிறது. திரவ ஆக்சிஜனையும் தூய்மையாக்கிய மண்ணெண்ணெயையும் கொண்டு இயங்கும் 2,000 கிலோ நியூட்டன் உந்துவிசை எஞ்சினை இது உருவாக்கி வருகிறது. அதன் முக்கியப் பகுதிகள் மகேந்திரகிரியில் 2025 மார்ச் 28 அன்று முதன்முறையாக வெற்றிகரமாக எரியூட்டிச் சோதிக்கப்பட்டன.

இத்தகைய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் எரிவதற்கு முன் எரியறைச் சுவரிலுள்ள நுண்வழிகளில் ஓடி அதனைக் குளிர்விக்கிறது. அரோமாட்டிக், ஒலிஃபீன் வகை ஹைட்ரோகார்பன்கள் மிகுந்தால் வெப்பத்தில் கரி படியும். வழி அடைபட்டால் சுவரே உருகக்கூடும். எனவே எரிபொருளில் எவ்வகை எவ்வளவு உள்ளது என்பதை முன்னரே அறிதல் இன்றியமையாதது.

அரோமாட்டிக் வகைகளை அளக்க நீர்ம வண்ணப்பிரிகை முறை பயன்படுகிறது. மாதிரியை ஹெப்டேனில் கரைத்து, முனைவுத் தன்மையுள்ள சிலிக்காத் துகள் நிரம்பிய குழலில் அழுத்தத்துடன் செலுத்துவர். நிறைவுற்ற வகைகள் முதலிலும், ஒற்றை வளைய அரோமாட்டிக்குகள் அடுத்தும், இரட்டை வளையத்தன இறுதியிலும் வெளிவரும். ஒளிவிலகல் எண் மாறுபாட்டைக் கருவி பதிவு செய்யும். அளவு தெரிந்த கலவைகளுடன் ஒப்பிட்டு விகிதம் கணிக்கப்படும். ஒலிஃபீன்கள் நிறைவுற்றவற்றுடன் கலந்தே வருவதால் அவற்றுக்கு வேறு முறை வேண்டும்.

விமான எரிபொருளுக்கான பன்னாட்டுத் தரத்தில், அரோமாட்டிக் உச்சவரம்பு பழைய ஒளிர்காட்டி முறையில் 25 விழுக்காடு. நீர்ம வண்ணப்பிரிகையில் 26.5 விழுக்காடு. பொருள் ஒன்றே, அளக்கும் முறைதான் வேறு. ஆகவே, கொள்முதல் ஒப்பந்தத்தில் முறையைக் குறிப்பிடாமல் வரம்பை மட்டும் எழுதுவது தகராறுக்கே வழிகோலும்.