சுகர் கிளைடர் அணில் அல்ல

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை: “சுகர் கிளைடர் ஒரு வகைப் பறக்கும் அணில், குவாச்சியும் கச்சானும் போட்டால் போதும்.” கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், இரண்டுமே தவறு. இதை நம்பியவர்கள்தான், “டாக்டர், பின்னங்காலை இழுக்குது” என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பின்னங்காலையே உற்றுப் பாருங்கள். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருக்கும். நகம் மட்டும் இரண்டு. அதைக் கொண்டுதான் மயிரைக் கோதிக்கொள்ளும். கங்காருவின் பாதத்திலும் இதே ஒட்டுவிரல்கள் உண்டு; அணிலுக்குக் கிடையாது. பெண்ணின் வயிற்றில் பை இருக்கும். கருவுற்ற சுமார் 16 நாளில், கால் கிராம்கூடத் தேறாத குட்டி பிறந்து பைக்குள் ஏறி, 70 நாள்போல அங்கேயே வளரும். அணிலோ கருப்பையிலேயே நன்றாக வளர்த்துப் பெறும் இனம். இவ்விரு வம்சமும் 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. மரம் விட்டு மரம் தாவும் தோல் இரண்டுக்கும் தனித்தனியே வந்தது. அதை வைத்து உறவு கொண்டாடுவது, வௌவாலைக் குருவி என்பதற்குச் சமம்.

காட்டில் இது தின்பது வேலமரப் பிசின், யூகலிப்டஸ் சாறு, பூந்தேன், பூச்சி. குவாச்சியில் கொழுப்பும் பாஸ்பரஸும் அதிகம், கால்சியம் சொற்பம். அதையே தின்றால் எலும்பு வலுவிழந்து கால் விழத்தான் செய்யும். பிறகு ஊசி கேட்டு என்ன பயன்?

“2020இல் ஒரே இனத்தை மூன்றாகப் பிரித்தார்களே, வகைப்பாடே குழப்பம்தானே?” என்பவர்களுக்கு: மூன்றும் பைப் பாலூட்டிகளே.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு பேச்சுகள் உண்டு. “வாலபி கங்காருவின் குட்டி.” இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். பெரியது கங்காரு, சிறியது வாலபி. வாலபியும் தன் பையில் தன் குட்டியைச் சுமக்கிறது.

“நம் காட்டுக் குபோங் ஒரு வௌவால்.” அதுவும் இல்லை. தோல் விரித்து மரம் விட்டு மரம் தாவும் அது தனி வரிசை, குரங்கினத்துக்குத்தான் நெருக்கம்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு சுகர் கிளைடர் வாங்காதீர்கள். பகலெல்லாம் தூங்கி இரவில் விழிக்கும், கூட்டமாய் வாழும் உயிர் அது, தனிக்கூண்டில் நொந்துபோகும். வாங்கியே தீருவேன் என்றால், முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள். தாவும் விலங்கின் மேல் ஆசையா? நம் நாட்டுக் குபோங்கும் பறக்கும் அணிலும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது கிளையோடு கிளை நெருங்கி நிற்கும் உயர்ந்த மரங்கள். இலை கொட்டுகிறது, கார் அழுக்காகிறது என்று தாமானில் பெருமரங்களை வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.