யாத்திரை முக்காலி வேண்டுவதுதானோ?

படம்பிடிக்கப் பழகும் இளைஞர் பலர்க்கும் ஒருநாள் தோன்றும் ஐயம் ஒன்றுண்டு. காமிராவைத் தாங்குதற்பொருட்டு, மடக்கித் தோள்பையில் இட்டுச் செல்லத்தக்க சிறு முக்காலி ஒன்றை விலைகொடுத்து வாங்குதல் அவசியந்தானோ என்பதே அது. கடைக்காரர் அதனை ‘டிராவல் டிரைபாட்’ என்பர். ஸ்டுடியோக்காரர் ‘ஸ்டாண்டு’ என்று சுருக்கிவிடுவர். யாம் முக்காலி என்றே வழங்குவோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்கட்டும். எம் வகுப்புத் தோழர் ஒருவரின் ஓராண்டுச் சேமிப்பு முழுவதும் இவ்வினாவின் விடையைப் பற்றி நின்றது.

அத்தோழர்க்கு ஊர் திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊராதலின் தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும். இரண்டையும் மீறித் தறியோசை ஒலிக்கும். பெற்றோர் நெசவுத் தொழிலினர். தோழர் விடுமுறை நாட்களிற் கலியாண வீடுகளில் படம்பிடித்துச் சிறிது பொருள் சேர்த்திருந்தார். அவர் விரும்பிய கார்பன் இழை முக்காலியோ அப்பொருள் முழுவதையும் விழுங்கவல்லது. அவர்கள் தறிக்கொட்டகையின் கூரையோ மழைக்கு முன் மாற்றப்படல் வேண்டும். அதுபற்றி அவருடைய தாயார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமையே தோழரை வருத்திற்று. ஆதலின் சென்ற விடுமுறையில் யாம் மூவர் அவ்வூர் சென்று தங்கி, இதனை ஆராய்ந்து முடிவு செய்வதென்று துணிந்தோம்.

முதற்கண் முக்காலி செய்யும் வேலை யாதென அறிதல் வேண்டும். நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். மூன்று கால்களுடையது எந்நிலத்தும் ஆடாது நிற்கும். மூன்று புள்ளிகள் எங்கே இருப்பினும் அவற்றின் வழியே ஒரு தளம் அமையும் என்னும் கணித உண்மையே இதற்குக் காரணம். இனி, மனிதர் கை ஓயாது நடுங்குவது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைக் கையிற் பிடித்தெடுப்போர் 1/50 வினாடிக்கு மேல் திரையைத் திறந்து வைத்தல் ஆகாது என்பது இத்தொழிலின் பழைய கைவழக்கு. இக்காலத்துக் காமிராக்களில் நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறி உள்ளேயே அமைந்திருத்தலின், 1/50 என்பது 1/6 வரையிலும் நீளலாம். கைபேசியோ பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி இருளையும் வென்றுவிடுகின்றது. ஆகவே முக்காலியின் ஆட்சி முன்னினும் சுருங்கிற்று என்பதில் ஐயமில்லை.

அவ்வாட்சி முழுதாய் நடந்த காலமும் உண்டு. 1856இல் சென்னை மாகாண அரசு கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பாரை அரசாங்கப் படம்பிடிப்பாளராக நியமித்தது. (டிரைப் என்னும் பெயரும் டிரைபாட் என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியிருத்தல் தற்செயலே, பொருளால் உறவில்லை.) 1858இல் அவர் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமாக்கினார். ஓரடிக்கு மேல் அகன்ற மெழுகிட்ட காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறை அவருடையது. ஒரு படத்திற்குத் திரை நிமிடக்கணக்கில் திறந்திருத்தல் வேண்டும். அசையாத் தாங்கி இன்றேல் அக்கலையே இல்லை. தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்தோடும் கல்வெட்டினை அவர் பகுதி பகுதியாகப் பிடித்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேற்பட்ட ஒரே நீள்படமாக்கினார். ஒவ்வொரு முறையும் கருவியைப் பெயர்த்து, உயரமும் தூரமும் பிறழாது மீண்டும் நிறுத்தினாலன்றி அவை ஒட்டா. எழுத்தைக் காதலிக்கும் யாம் அப்படத்தை நினைக்குந்தொறும் வியக்கின்றோம். ஆயின் 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வேலை பெருஞ்செலவினதாகிய ஆடம்பரம் என்று கருதி அதனை நிறுத்துவித்தார். எது அவசியம், எது ஆடம்பரம் என்னும் வழக்கு படக்கலைக்குப் புதிதன்று. பின்னர் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு காமிராக்கள் படம்பிடிப்போரின் கையை முக்காலியினின்றும் விடுவித்தன.

இனி ஆர்.கே.பேட்டைக்கு மீள்வோம். முதல்நாள் தோழர் ஓராண்டில் எடுத்த படங்களுள் கெட்டவற்றைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்த்தோம். இங்ஙனம் பார்க்க எம்மை ஏவியவர் எவருமிலர். ஆயினும் ஆராய்ச்சியில் மிகப் பயன்பட்ட வேலை இதுவேயாம். மணமகள் திரும்பிவிட்டாள், குழந்தை ஓடிவிட்டது, குவியம் பின்னிருந்த தூணிற் பதிந்தது என்றிவ்வாறு கெட்டவையே மிகுதி. கை நடுக்கத்தாற் கெட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கன. முக்காலி காமிராவின் அசைவைத் தடுக்குமேயன்றி மணமகளின் அசைவைத் தடுக்காது.

மறுநாள் தறிக்கொட்டகையிற் சோதித்தோம். தோழரின் தந்தையார் நெய்துகொண்டிருக்க, காமிராவைப் பெட்டியொன்றின்மேல் அசையாது வைத்து 1/15 வினாடியில் எடுத்தபோது தறிமரம் தெளிவாக விழுந்தது. நாடாவும் கைகளும் புகையாய்க் கரைந்தன. ஐ.எஸ்.ஓ. எண்ணை 800லிருந்து 6400க்கு உயர்த்திக் கையிற் பிடித்து 1/125 வினாடியில் எடுத்ததில் படம் மணல்தூவினாற்போற் பொரிந்திருப்பினும் கைகள் கைகளாகவே நின்றன. “அந்தப் படந்தான் நல்லாருக்குது, முதல்ல எடுத்ததுல எனக்குக் கையே இல்லையேப்பா” என்றார் அவர்.

மூன்றாம்நாள் மாலை திருத்தணி மலைக்குச் சென்று, 365 படிகளையும் ஏறினோம். ஊர் விளக்குகளை மேலிருந்து படமாக்க வேண்டுமென்பதே தோழர் முக்காலியை விரும்பியதற்கு முதற்காரணம். அவ்வகைப் படத்திற்குப் பல வினாடிகள் வேண்டுமாதலின் தாங்கி வேண்டுவதே. ஆயின் கைப்பிடிச்சுவர் இருந்தது. ஒரு கிலோ அரிசி அடைத்த துணிப்பையும் கொண்டுசென்றிருந்தோம். (நெசவாளர் வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை.) பையின்மேற் காமிராவை அழுத்தி, இரண்டு வினாடி தாமதத்தில் எடுத்தோம், படம் தெளிவாயிற்று. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் நெருங்கும் அப்படிகளில் முக்காலி ஊன்றுவோர் பிறர் காலை இடறச் செய்பவரேயாவர். இந்தியத் தொல்லியல் துறையின் காவலிலுள்ள சின்னங்களிலோ முக்காலியூன்ற முன் அனுமதி வேண்டும். தஞ்சையில் டிரைப் செய்ததை இன்று கேளாமற் செய்ய இயலாது.

பயண முக்காலிக்கு இயல்பிலேயே உள்ள குறையும் கூறற்பாலது. எடை குறைவதற்காகக் கால்களைப் பல கணுக்களாக்கி அடிக்கணுவை மெலியச் செய்கின்றனர். நடுத்தண்டை உயர்த்தினால் காற்றில் அதிர்கின்றது. சுமக்க இனியது நிற்க இனியதன்று. அருவியையும் விண்மீனையும் தொலைவு நடந்து சென்று எடுப்போர்க்கு அது தகும். அவர் வாங்குக.

இவ்வளவில் தோழர் மனந்தளர்ந்து, “அப்படியானால் தாங்கியே வேண்டாம் என்றுதானே முடிவு?” என்றார். அன்றிரவுதான் அவருடைய பாட்டனார் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்குவித்தார். அவர் இளமையிற் கூத்து வாத்தியார். திரௌபதியம்மன் திருவிழாக்களில் ஆடிய பாரதக் கூத்தின் பாட்டும் வசனமும் அவர் கைப்பட எழுதிய மூன்று நோட்டுகள் அதனுள் இருந்தன. மை வெளிறி, ஓரங்களைப் பூச்சி அரித்து, தொட்டால் ஒடியும் தாள்கள். அவற்றைப் பொறியில் அமுக்கிப் படியெடுத்தால் கட்டு பிளந்துவிடும். ஒரு கையால் தாளைத் திருப்பி மறுகையால் மெல்லப் பிடித்துக்கொள்ளல் வேண்டுமாதலின், காமிராவைப் பிடிக்க மூன்றாங்கை இல்லை. கையிற் பிடித்து எடுத்துப் பார்த்தோம்; பக்கந்தோறும் கோணிற்று.

நெடுநேரம் வெளிச்சமின்றி நிற்பது ஒரு தேவை. கைகள் வேறு வேலையில் இருப்பது மற்றொன்று. பின்னதை யாம் அதுவரை எண்ணவேயில்லை. ஆயின் இவ்வேலைக்கு மெலிந்த யாத்திரை முக்காலி ஆகாது. வீட்டைவிட்டு நகராத கனத்த ஸ்டாண்டே வேண்டும். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் பழைய இரும்பு ஸ்டாண்டினை வாடகையின்றித் தந்தார். இருவர் தூக்கி வந்தோம். காமிராவைத் தரைநோக்கிக் கவிழ்த்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு நோட்டினை மணைமேல் வைத்து, பக்கம் பக்கமாக எடுத்தோம். எழுத்து மறைந்த இடங்களைப் பாட்டனார் பாடிக் காட்டினார்; யாம் தனித்தாளில் எழுதிக்கொண்டோம். ஒரு கண்ணிற் புரை படர்ந்தமையால் அவர் நோட்டைப் பாராமலே பாடினார்.

இரண்டு நாளில் இரண்டு நோட்டுகள் முடிந்தன. தோழர் சேமிப்பிற் பெரும்பகுதியைக் கூரைத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நோட்டின் பின்பாதி எஞ்சியுள்ளது. பொங்கல் விடுமுறைக்கு ஸ்டாண்டைச் சொல்லி வைத்திருக்கின்றோம்.