மாணவர் குடியிருக்கும் வீடும் வீட்டுக்காரர் கடமையும்



செர்காமை அடுத்த மெர்லிமாவில் பாலிடெக்னிக் கல்லூரியும், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜாசின் வளாகமும் அமைந்திருக்கின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் இங்கு வந்து பயில்கிறார்கள். இத்தகைய மாணவர்களுக்கு வீட்டையோ கடை மாடியையோ வாடகைக்கு விடுவோர், மாதம் பிறந்ததும் வாடகையை எண்ணி வாங்குவதோடு தம் பொறுப்புத் தீர்ந்ததென்று கருதலாகாது. அவ்வீட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். காரணம், டிங்கிக் காய்ச்சல். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேரை இது பீடித்தது. 182 பேர் மாண்டனர்.

எந்தக் கொசு இதைப் பரப்புகிறது? 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்து மலேரியாவை அடக்கினார். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் கொசு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் வேறு ஜாதி. அது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும், தெளிந்த நீரில் முட்டையிடும். குளிப்பறைத் தொட்டி, வாளி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட கூரைப் பீலி ஆகிய யாவும் அதற்குப் போதும். காலையிலும், பொழுது சாயும் முன்னும் மும்முரமாகக் கடிக்கும். ஒரே கொசு ஒரு வேளைப் பசிக்குப் பலரையும் கடிக்கக் கூடுமாதலால், ஐந்தாறு பேர் நெருங்கி வாழும் வீட்டில் நோய் எளிதில் பரவும்.

இத்தகைய வீட்டில் ஒரு விசேஷ ஆபத்தும் உண்டு. விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். தொட்டி நீர் அப்படியே நிற்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே சாவி தம் கையில் உள்ள வீட்டுக்காரரே, விடுமுறை தொடங்கும் நாளில் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் அவசியம்.

மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை, கடையில் சரக்கு இருப்புப் பார்ப்பதுபோல், வீட்டையும் கடையின் பின்புறத்தையும் சுற்றிப் பாருங்கள். காலி செய்ய இயலாத தொட்டியில் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் வீதம் அபேட் மருந்தைப் போடலாம். புகை அடித்தால் பறக்கும் கொசு மடியும். நீரிலுள்ள புழு மடியாது.

கடைக்காரர்கள் அறிய வேண்டியது இன்னொன்று. காய்ச்சலோடு வரும் மாணவருக்கு ஆஸ்பிரின், இபுபுரோபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை இரத்தப்போக்கை அதிகமாக்கக் கூடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோலே ஏற்றது. இரண்டு நாளாகியும் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள். காய்ச்சல் தணிந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணுவது பெருந்தவறு. பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், உடற்சூடு இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து மிகுதி. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு வளர இடந்தருவது தண்டனைக்குரிய குற்றம். எனினும் தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. தாய் தகப்பனைப் பிரிந்து வந்திருக்கும் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க யாருமில்லை. அவன் குடியிருக்கும் வீட்டைச் சுத்தமாக வைப்பதும், நோயுற்றால் ஒரு நடை போய் விசாரிப்பதும் வீட்டுக்காரரின் கடமை. இந்த வாரமே அதைத் தொடங்குவோமாக.